ஏக்கம் மழைக்கு, தவிப்பு குளிருக்கு

திரைச்சீலைக் கடையில் தம்பி, வாடிக்கையாளர்களுக்கு அடுத்த ஆறு மாதம் போக வேண்டிய மெயில்களைத் திட்டம் போட்டுச் சுவரில் சீட்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறான். மின்விசிறிக் காற்றில் அவை படபடக்கின்றன. மழைக்காலத்துக்கு மஞ்சள், குளிருக்கு நீலம். தையல் மெஷினில் குனிந்திருக்கும் அக்கா ஓரக்கண்ணால் பார்க்கிறாள். பெரிய படைத்தளபதி மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்கிறான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. "அக்கா, 'உங்களைப் பார்க்காம ஏங்குறோம்'னு போடவா, 'தவிக்கிறோம்'னு போடவா?" "ரெண்டும் பொய்தான். ஏதோ ஒண்ணைப் போட்டுத் தொலை." அவனுக்கு அது உறைப்பதில்லை. ஏக்கத்தை மஞ்சளிலும் தவிப்பை நீலத்திலும் எழுதி ஒட்டுகிறான். கண்ணாடிக் கதவு திறக்கிறது. பாய் விரித்தாற்போல் உள்ளே விழும் வெயிலில் ஒரு பெண்மணி நிற்கிறாள். கையில் அவர்கள் தைத்த திரைச்சீலை, முதல் சலவையிலேயே தையல் விட்டு வாயைப் பிளந்திருக்கிறது. "எத்தனை தடவை எழுதறது? ஒரு பதில் கூட இல்ல." தம்பி திரும்பாமலே சொல்கிறான்: "கொஞ்சம் வேலையா இருக்கேங்க, அப்புறம் வாங்க." அக்கா துணியை வாங்கி மடியில் விரிக்கிறாள். தொட்டாலே நூல் பொடிகிறது. மலிவு என்று அவன் வாங்கிப் போட்ட நூல். பெண்மணியின் குரல் உயர்கிறது. "'உங்களுக்கு ஒண்ணுன்னா ஓடி வருவோம்'னு போன வாரம் மெயில் அனுப்பினது நீங்கதானே?" இப்போதுதான் தம்பி திரும்புகிறான். முகமெல்லாம் பல். "படிச்சீங்களா! தலைப்பு எப்படி இருந்துச்சு?"