கார் ஷெட்டுக்கு இரண்டு பிளக் பாயிண்ட்

“மெயினை ஆஃப் பண்ணு.”

கார் ஷெட்டிலிருந்து கணவரின் குரல் வந்தது. அவள் சமையலறையில் மெயின் ஸ்விட்சுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள்.

கார் ஷெட் என்று பெயர்தான். கார் இல்லை. மகள் ஓட்டிக்கொண்டு போன கார் திரும்பி வரவில்லை, மகளும் வரவில்லை.

மழை கொட்டுகிறது, கை பழகாத பிள்ளை, சாவியைக் கொடுக்காதீர்கள் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மனிதர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் முகத்தில் விழிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டாள்.

அவர் கட்டிலை ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ஒரு பல்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. இன்று ஃபேனுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று பிளக் பாயிண்ட் வைக்க உட்கார்ந்திருக்கிறார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்றால் கேட்கிற ஜென்மமா அது? குழாய் ஒழுகினாலும் கடிகாரம் நின்றாலும் தானே கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். அவர் கரண்ட் வேலை பார்க்கும்போது சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பாட்டு நின்றால் மெயின் ஆஃப் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகுதான் ஒயரில் கை வைப்பார். மறுபடி கேட்கமாட்டார்.

அவள் கை மெயின் வரைக்கும் போனது.

அங்கிருந்து இறங்கி, ரேடியோவின் குமிழைத் திருகியது.

பாட்டு நின்றது.

அந்தச் சிரிப்பும் நீட்டிய கையும் சாவியும் கண்முன்னே நின்றன. பெற்ற வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ஷெட்டில் ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு கட்டிங் பிளேயரை எடுக்கும் சத்தம்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன். மெயினை இழுக்கக்கூடத் தோன்றாமல் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். படியில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தோல் உரித்த ஒயர் வெறும் விரல்களுக்கு நடுவில் பளபளத்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒயரைக்கூட அவர் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பியூஸ் கட்டை. ஷெட் வாசல் சுவரில் இருக்கும், ஷெட்டுக்கு வரும் லைனின் பியூஸ் கட்டை.

அது இல்லாவிட்டால் ஷெட்டில் சொட்டுக் கரண்ட் வராது. வேலையை ஆரம்பிக்கும் முன்பே கழற்றிப் பையில் போட்டிருக்கிறார். அப்புறம் எதற்கு அவளைக் கூப்பிட்டு மெயினை ஆஃப் பண்ணச் சொன்னார்?

கேள்வி எழுந்தவுடனேயே பதிலும் தெரிந்துவிட்டது. இப்போது அவர் முகத்தில் விழிக்க முடியாமல் தரையைப் பார்த்தபடி நின்றாள். முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்து வந்தார். அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“வேலை முடியற வரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும்.”

பிறகு திரும்பிப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒயரைக் கையில் எடுத்தார்.