கோடியக்கரையிலிருந்து ஓர் அழைப்பு

அயர்லாந்து நாவலொன்றை மொழிபெயர்த்துவந்த திலகவதிக்கு, அதில் பக்கத்துக்குப் பக்கம் கூவும் பறவையின் குரல் மட்டும் பிடிபடவில்லை. அலுத்துப்போய், அதே பறவை குளிர்காலத்தில் வந்திறங்கும் கோடியக்கரைக்கு வந்தாள். மூன்றாம் நாள் மாலை, வழிகாட்டி மரியசெல்வம் சேற்றைக் காட்டினார். "அந்தா நிக்கிது பாருங்கம்மா, வளைஞ்ச மூக்கு. பேசாம இருங்க, கத்தும்."

அவள் நாவலாசிரியரை அழைத்து, கைப்பேசியைச் சேற்றுப் பக்கம் நீட்டினாள். பறவை நெடுக விம்மிக் கூவியது.

"இது கூடு கட்டும் எங்கள் ஊர்ச் சதுப்பு மண், காய்ந்தால் விறகுபோல் எரியும்; அதையெல்லாம் அடுப்பெரிக்க வெட்டித் தீர்த்துவிட்டோம். பத்தொன்பது வருடமாக இந்தக் குரல் அங்கே இல்லை," என்றார் மறுமுனையில் அந்தக் கிழவர். "இன்னொரு தடவை கேட்கலாமா, அம்மா?"

திலகவதி நிமிர்ந்தாள். பறவை எழும்பிக் கடல்மேல் போய்க்கொண்டிருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. காற்றின் இரைச்சல் மட்டும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது.