காற்று வாத்தியம்

“சிஸ்டர், கதவைச் சாத்துங்க. சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த ஒரு அறிவிப்பு இப்போ இந்த அறையில வெளியாகப் போகுது.”

பல் டாக்டர் இப்படி முழங்கியபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு வாயை விரித்துப் பிடிக்கும் கிளிப்பை மாட்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, மேலே இருந்த விளக்கைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தாள். முன்பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்துக்கொள்ள வந்தவள். நாளைக்கு ஒரு விசேஷம், நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டே சொல்லியிருந்தாள். கல்யாணமா என்று சிஸ்டர் கேட்டதற்கு வெட்கத்தோடு இல்லையென்று தலையாட்டினாள்.

“பேசக் கூடாது, நாக்கை அசைக்கக் கூடாது. எச்சில் பட்டா ஒட்டாது,” என்றார் டாக்டர். “நம்ம கையால ஒட்டிட்டா, அப்புறம் ஏழு வருஷத்துக்குக் காத்துகூடப் போகாது!”

ஊரில் பல் டாக்டர்கள் நிறையப் பேர். யாருமே கேள்விப்படாத பாட்டுக் குழுக்களைத் தேடிப் பிடித்து, வாயைத் திறந்து வைத்திருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறவர் இவர் ஒருவர்தான். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளிகூட இவருடைய ரசனையை மறுத்துப் பேசியதில்லை. பேச முடியாது என்பது வேறு விஷயம். ஒரு குழுவை ஆயிரம் பேர் கேட்டுவிட்டால் இவர் கேட்பதை நிறுத்திவிடுவார். எச்சில் பண்டம் என்பார்.

“சீக்கிரம் அறிவிச்சிடுங்க டாக்டர். வெளியில மூணு பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க,” என்றார் சிஸ்டர்.

“‘ஈரக்குடை’ன்னு ஒரு குழு. மொத்தமே நாலு பாட்டு. ஒரு போட்டோ கிடையாது, பாடறவங்க பேர் கிடையாது. உலகத்துலயே இதைக் கேட்டவங்க பதினேழு பேர்!”

“அதுல பதினாறு பேர் அவங்க சொந்தக்காரங்களா இருப்பாங்க.”

“சிஸ்டர்!”

“பின்ன என்ன? போன மாசம் நீங்க சொன்ன குழுவை வீட்டுல போட்டேன். தண்ணி மோட்டார் ஓடுதுன்னு எங்க வீட்டுக்காரர் எழுந்து போய் சுவிட்சைத் தேடறாரு.”

“அது வேற, இது வேற. நாளைக்குச் சாயங்காலம் இவங்க முதல் கச்சேரி. முப்பது நாற்காலி. என் பேஷன்ட் இருபத்தாறு பேரை வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வர்றீங்க. கேட்டு உங்களுக்குச் சிலிர்க்கலைன்னா, மறுநாள்லேருந்து இந்த ஸ்பீக்கர் உங்களுக்கு. உங்க பாட்டுதான் ஓடும். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“வார்த்தை மாற மாட்டீங்களே?”

“மாற மாட்டேன்.”

தன் மொத்த மானத்தையும் பஞ்சுத் தட்டில் தூக்கி வைத்துவிட்டு, டாக்டர் பாட்டைப் போட்டார்.

ஒரே ஒரு கிதார். அதன்மேல் ஒரு பெண்ணின் குரல். ‘சன்னலைச் சாத்தாதே... சாரல் வரட்டும்...’

நாற்காலியில் இருந்தவள் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

சிஸ்டரின் கையில் இருந்த உறிஞ்சுகுழாய் பாதியில் நின்றது. பாட்டில் ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் நூலிழைபோல ஒரு சீழ்க்கை எழுந்து மறைந்தது. பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ காலடி ஓசை இல்லாமல் நுழைந்ததுபோல இருந்தது. வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் முனகல்கூட நின்றுபோனது.

“கேட்டீங்களா?” டாக்டரின் குரல் தானாகவே இறங்கியது. “அந்தச் சீழ்க்கை! பதினோரு நாளா ஆராய்ச்சி பண்றேன். மனுஷ வாயில அது வராது. இத்தனை வாயைப் பார்த்தவன் சொல்றேன். ஏதோ மலைநாட்டுக் காத்து வாத்தியம். நாணல்ல செஞ்சிருப்பாங்க. வாசிக்கிறவர் சாதாரண ஆள் இல்ல, மகான்!”

“ங்ஆ... ங்ஆ...” அந்தப் பெண் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

“வலிக்குதா? இதோ முடிஞ்சுது.” முன்பற்களின் நடுவே வைத்த பசை இறுக நீல விளக்கைப் பிடித்தார். அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. “பாருங்க சிஸ்டர், அழறாங்க! இதுக்குப் பேர்தான் ரசனை. பதினெட்டாவது ஆள் கெடச்சாச்சு!”

“எனக்கே என்னமோ பண்ணுது டாக்டர்,” என்றார் சிஸ்டர், சிலிர்த்த முன்கையைத் தேய்த்துக்கொண்டு. “ஸ்பீக்கரை நீங்களே வச்சுக்குங்க. நாளைக்கு அந்தச் சத்தத்தை நேர்ல கேட்டா போதும்.”

வெற்றிக் களிப்பில் டாக்டர் மெருகு போட்டு, கிளிப்பைக் கழற்றி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

“அந்த வாத்தியம் வாசிக்கிற மகானை நாளைக்குப் பார்த்ததும் நேரா கால்ல விழப்போறேன்,” என்றார் டாக்டர்.

“வாத்தியமெல்லாம் இல்ல டாக்டர்,” என்றாள் அவள், முதல்முறையாக வாயைப் பொத்தாமல். “பல்லிடுக்குல காத்து போற சத்தம். அசிங்கமா இருக்குன்னு நினைச்சுதான் இத்தனை நாளா முகத்தைக் காட்டாமப் பாடினேன்.”

டாக்டர் எட்டி ஸ்பீக்கரை நிறுத்தினார். அவள் தொண்டையைச் செருமி, ‘சன்னலைச் சாத்தாதே...’ என்று மெல்லப் பாடிப் பார்த்தாள்.

வேலை சுத்தம், காற்றுகூடப் போகவில்லை.