சில் ப்ரோ, அப்பா!

"ப்ரோ, மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்க? வைப்பே சரியில்லை. சில் ப்ரோ!"

இதை நான் சொன்னது என் அப்பாவிடம். பேச்சுப் பயிற்சி மையத்தின் கூடத்தில், அத்தனை பேர் நடுவில், சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவிடம்.

அப்பா என்னைப் பார்த்தார்.

எதிர் வரிசையில் குடையைக் காலுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்தார். அதற்காக நான் விடவில்லை.

"நேத்து போட்ட சட்டையையே போட்டிருக்க. பாக்கவே கூசுது, செம க்ரிஞ்ச். இந்த லட்சணத்துல இன்னிக்கு டாக்டரம்மா முன்னாடி பேசிடுவேன்னு நெனப்பு வேற. நீ ஃபுல் டெலூலு ப்ரோ. நோ கேப், பொய்யே இல்ல!"

"ஏம்மா, அவர் உனக்கு யாரு?" குடைக்காரர் கேட்டார்.

"அப்பா."

"பெத்த அப்பாவா?"

"இல்ல அங்கிள், வாடகைக்கு எடுத்தது."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமுவது போல் சமாளித்தார்கள்.

"அது என்ன, டெலூலு?"

"நடக்காததை நடக்கும்னு நம்பிட்டுத் திரியறது."

"அடிப்பாவி! உடம்பு முடியாத மனுஷனைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா இது? திருப்பிப் பேச மாட்டார்ங்கிற தைரியமா?"

"ஆமா."

ஆமா என்றுதான் சொன்னேன். விளக்கம் சொல்கிற பொறுமை எனக்குக் கிடையாது. ஸ்கூல் முடிச்சாச்சே, மேலே என்ன படிக்கப் போறே என்று கேட்கிறவர்களுக்கே என்னிடம் ஒரே வார்த்தைதான்: "படிக்கலை."

மறுபடி அப்பா பக்கம் திரும்பினேன். "பாத்தியா ப்ரோ, உனக்காகச் சண்டை போட ஆள் எல்லாம் இருக்கு. ஆளை மயக்கறதுல செம ரிஸ் உனக்கு!"

அப்பாவின் இடது கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியது. கண் சிவந்தது.

"போதும் நிறுத்து! அவருக்குக் கோவம் வருது, தெரியலையா?" குடைக்காரர் எழுந்தே விட்டார்.

"வரட்டும்! வரணும்னுதானே கத்திட்டிருக்கேன்!"

மொத்தக் கூடமும் என்னைப் பார்த்தது. சரி, சொல்லித் தொலைக்கலாம் என்று சொன்னேன்.

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவர். வீட்டிலும் அதே குரல்தான். சாப்பிடும்போது நான் வைப், க்ரிஞ்ச் என்று எதையாவது சொன்னால் போதும், தண்ணீர் டம்ளரை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. க்ரிஞ்ச் என்ற வண்டி இந்த வீட்டில் நிற்காது. தவறி ஏறியவர்கள் உடனே இறங்கிவிடவும்."

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். நான் வேண்டுமென்றே இன்னொரு வார்த்தையை விடுவேன். "அந்த வண்டி காலவரையின்றி ரத்து." மூன்றாவது வார்த்தைக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும். தட்டு காயும் வரைக்கும் திட்டு. எனக்குக் காது புளித்துப்போகும். ஆனால் செல்போனில் புது வார்த்தை ஒன்று கண்ணில் பட்டால், இதை எப்போது அப்பாவிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

அப்பாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து மூன்று மாதமாகிறது. அவருக்கு எல்லாம் புரிகிறது. வார்த்தைதான் வரவில்லை. இங்கே கதவு, நாற்காலி என்று படம் காட்டிக் கேட்கிறார்கள். உதடுகூட அசைவதில்லை.

"யோசிக்காம வர்ற பேச்சு சில பேருக்கு முதல்ல வருமாம் அங்கிள். பாட்டு, திட்டு, அந்த மாதிரி. டாக்டரம்மா சொன்னாங்க. பாட்டு எங்கப்பாவுக்கு நல்லா இருந்தப்பவே வராது. திட்டு... திட்டு நல்லா வரும்."

என் குரல் உடைந்தது எனக்கே பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குடைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கிட்டே வந்து, "அந்த வார்த்தையெல்லாம் இன்னொரு தரம் மெதுவா சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்கு எதிரே போய்க் குனிந்து, மருந்துப் பெயர் வாசிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"சார், வணக்கம். உங்க பொண்ணு கொஞ்சம்... டெலூலு. ஆனா ரிஸ்ஸு இருக்கு. மொத்தத்துல வைப்பு வந்து... நல்ல சில்லு. நோ கேப்பு ப்ரோ!"

கூடமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றி சுருங்கியது. இடது கை மேலே எழுந்தது. உதடு கோணி, நடுங்கி, திறந்தது.

"பே... பேச்சைப் பாரு!"

குடைக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார், பரிசு விழுந்தவர் மாதிரி.

"திட்டிட்டார்மா! என்னைத் திட்டிட்டார்!"

அப்பா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சல். மூன்று மாதமாகத் தொண்டை கட்டக் கத்தியது நான். அந்தத் திட்டு நியாயமாக எனக்கு வர வேண்டியது.