கருந்துளைக் கார்டு

எங்கள் விண்வெளிக் கார்டு விளையாட்டில் கருந்துளையைப் போட்டால் எதிராளியின் விண்கலங்கள் மொத்தமும் காலி. ஆனால் போடுகிறவன் அந்தக் கார்டைக் கிழித்துத்தான் போடவேண்டும் என்பது விதி. கிடைக்காத கார்டு, கிழிக்க மனசு வருமா? அதனால் வெற்றியைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் நண்பன் திரவியத்திடம் தோற்கிறேன். “கிழி மாப்ள, இல்லேன்னா தோத்துட்டு டீ சொல்லு” என்று இன்றும் இளித்தான். பொறுக்கவில்லை. உறையிலிருந்து உருவி, இரண்டு கையாலும் முறுக்கினேன். “டேய், பைத்தியமாடா உனக்கு!” என்று மேஜைமேல் பாய்ந்து பிடுங்கினான். பாய்ந்த வேகத்தில் அவனுடைய விண்கலங்கள் எல்லாம் தரையில் சிதறின. அதைப் பார்க்கக்கூட இல்லை. என் கார்டில் விழுந்த மடிப்பைச் சட்டை நுனியால் நீவிக்கொண்டே இருந்தான். ஆட்டம் யாருக்கு என்று கேட்காமலே இரண்டு டீ சொன்னேன்.