கலப்பெண்

தெட்சிணாமூர்த்தி தன் கையாலேயே கேசரிக்கு முந்திரி தூவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அடித்ததும் பக்கத்து வீட்டு அன்னபூரணியின் குழாய் நின்றது.

தலத்தெருவில் யார் வீட்டு ஃபோன் அடித்தாலும் அந்தக் குழாய் நிற்கும். கேட்டால் தண்ணீர் சிக்கனம் என்பாள்.

அழைத்தவர் திருஞானசம்பந்தம், மாப்பிள்ளையின் அப்பா. பையனுக்கு பாரிஸில் வேலை, பிரெஞ்சுக் குடியுரிமை. இந்த இரண்டையும் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் தெட்சிணாமூர்த்தி எப்போதோ சொல்லி முடித்திருந்தார். இன்னும் சற்று நேரத்தில் பெண் பார்க்க வருகிறார்கள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவாயிடணும்ங்க. உங்க பொண்ணு கலப்புப் பெண்ணாமே?"

தெட்சிணாமூர்த்திக்கு வியர்த்துவிட்டது. சாதி சனம், குலதெய்வம், தாய்வழி தந்தைவழி எல்லாம் ஒப்பித்தாயிற்றே.

பிறகுதான் புரிந்தது. அது மகள் இளவேனிலின் கணித ஆராய்ச்சி. மீக்கலப்பெண். ஒரு எண்ணுக்குள் நாலு, எட்டு என்று எண்கள் கலந்து கிடக்குமாம். அவற்றுக்கென்று சிறப்புச் சார்புகள் உண்டாம். சேர்ந்த புதிதில் ஒரு தடவை தமிழில் சொன்னாள். அதற்கு மேல் அவர் கேட்டுக்கொண்டதில்லை.

"பெண் இல்லைங்க, எண்ணு," என்றார்.

"பொண்ணே இல்லைங்கிறீங்களா?"

"பொண்ணு இருக்குங்க. இது கலப்பு எண்ணு. அதுல சிறப்புச் சார்பு..."

"யாரு சார்பு?"

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவர். ஒருநாளும் கணக்கு உதைத்ததில்லை. இந்தக் கணக்கிலோ வாயைத் திறக்கத் திறக்கப் பள்ளம் ஆழமானது.

அன்னபூரணி பற்ற வைத்ததுதான் என்று மதிலை முறைத்தார்.

"தெருவுல எவளோ சொன்னதை நம்பிக்கிட்டு..."

"தெருவுல எதுக்குங்க? நேத்து ஃபோன்ல பொண்ணேதான் சொல்லுச்சு. என்னம்மா ஆராய்ச்சின்னு என் வீட்டுக்காரி கேட்டிருக்கா. நிறுத்தி நிறுத்தி, ரெண்டு தடவை சொல்லுச்சாம்."

அறை வாசலில் பட்டுப்புடவையோடு இளவேனில் நின்றிருந்தாள்.

அந்தப் பெயரை அவள் வெளியே தமிழில் சொல்வதே இல்லை, இங்கிலீஷில்தான். "கலப்பெண்ணுன்னு எவன்கிட்டயும் சொல்லி வைக்காத, பெண்ணுன்னு காதுல விழும், வரன் ஓடிடும்" என்று அன்றைக்கே சிரித்துக்கொண்டு எச்சரித்தவர் அவர்தான்.

முந்தாநாள் சண்டை ஞாபகத்துக்கு வந்தது. ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. முடித்துவிட்டுக் கல்யாணம் என்றாள் அவள். கல்யாணம் பண்ணிக்கொண்டு முடி என்றார் இவர். மூன்று நாலும் பன்னிரண்டு, நாலு மூன்றும் பன்னிரண்டு, இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்றும் கேட்டார்.

"என் எண்ணுல முன்ன பின்ன மாத்திப் பெருக்கினா விடையே வேறப்பா," என்றாள்.

ஏதோ பாடம் ஒப்பிக்கிறாள் என்று கொட்டாவி விட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

"கேக்குதுங்களா?" என்றார் திருஞானசம்பந்தம். "காரை எடுத்துட்டாங்க. ஒத்த வார்த்தை சொல்லுங்க. கலப்பா, இல்லையா?"

இல்லை என்றால் கார் வந்துவிடும்.

இளவேனில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்திரிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தெட்சிணாமூர்த்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "சாதாரணக் கலப்பு இல்லைங்க. மீக்கலப்பு."

மதிலுக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கவில்லை. அன்னபூரணியின் செருப்புச் சத்தம் தெருவை நோக்கி ஓடிற்று.