பொறியாளர் வீட்டுக் கொடி

அணைக்கு வயது நூற்று நாற்பது. அது திடகாத்திரமாக இருப்பதாக ஆண்டுதோறும் சான்றிதழ் வந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போடும் பொறியாளர் குடும்பத்தோடு அணையின் காலடியில்தான் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சான்றிதழ் அப்போதும் நிற்கவில்லை.

ஆனால், அணைக்குக் கீழே இருந்த கீழ்மதகூர்க்காரர்கள் அபாயச் சங்கை நம்புவதை விட்டுவிட்டார்கள். பொறியாளர் ரூபனின் மனைவி நிவேதிதா மொட்டை மாடிக் கொடியில் துணி காயப்போட்டால் அன்றைக்கு அணை பத்திரம். அவளுக்குத் தலைவலி என்றால் ஊரே ரசமும் கஷாயமுமாக ஓடிவரும். அவள் அம்மா வீட்டு நினைப்பு வந்து கிளம்பிவிடக் கூடாதே!

ஒருநாள் காலை, தங்கையின் வளைகாப்புக்காக நிவேதிதா பெட்டியோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் கிரைண்டர், டிவி, கைக்குழந்தைகளோடு ஊரே வந்தது.

"ஐயோ, நான் வளைகாப்புக்குப் போறேன்! ரெண்டு நாள்ல வந்துருவேன்!"

"தாராளமா போங்கம்மா. நாங்களும் வந்து ஆளுக்கு ரெண்டு வளையல் போட்டுட்டு வர்றோம்," என்றாள் முத்துப்பேச்சி.

நிவேதிதா கணவனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, ஊரே மூட்டை கட்டிக்கிட்டு என் பின்னால வந்து நிக்குது. அணைக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்களாவது சொல்லுங்க."

ரூபன் மெல்லச் சொன்னான்:

"நிவி, அவங்களையும் அப்படியே கூட்டிட்டுப் போயிடு."